குழிக்குள் இருவர், திரையில் ஒரு தலைவன்

மனிதர்களுக்கும் இயந்திரங்களுக்கும் நடக்கும் எதிர்காலப் போர் என்றதும் நம் மனதில் ஒரு காட்சி தயாராக வந்து நிற்கும். இடிந்த நகரம். வானத்தில் சிவப்புக் கண்ணோடு ஏதோ ஒன்று வட்டமிடுகிறது. மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு தளபதி, செத்தவர் போக மிஞ்சிய பத்துப் பதினைந்து பேரைத் திரட்டிக்கொண்டு, 'என் பின்னால் வாருங்கள்' என்று கத்தியபடி ஓடுகிறான்.

இதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. கிழக்கு உக்ரைனில் இடிந்த நகரங்கள் இருக்கின்றன, வட்டமிடும் கண்கள் இருக்கின்றன, மிஞ்சியவர்கள் இருக்கிறார்கள், இளம் தளபதிகளும் இருக்கிறார்கள். தளபதி முன்னால் ஓடுவது மட்டும்தான் இல்லை. ஓடினால் செத்துப்போவான், கூட வருபவர்களையும் சாகடிப்பான். இயந்திரங்கள் போர்க்களத்துக்கு வந்து செய்த மாற்றங்களில் அதிகம் பேசப்படாதது இதுதான் என்று நினைக்கிறேன். தலைவனையும் வீரனையும் அவை பிரித்துவிட்டன. ஒருவன் குழிக்குள், இன்னொருவன் சில கிலோமீட்டர் பின்னால் ஒரு நிலவறையில் திரைக்கு முன்னால். நடுவில் ஒரு வானொலிக் குரல்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1916 ஜூலை 1, பிரான்சின் சொம் நதிக்கரை. பிரிட்டிஷ் படையின் இருபது வயதுக் கீழ்நிலை அதிகாரிகள் விசில் ஊதிவிட்டுப் பதுங்குகுழியிலிருந்து முதல் ஆளாக மேலே ஏறினார்கள். எதிரே ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகள். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் 19,240 பேர். காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து 57,470. இயந்திரத்துக்கு எதிராக மனித உடம்பை நடக்க விட்டால் என்ன ஆகும் என்ற பாடம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அன்றைய அதிகாரி தன் ஆட்கள் விழுந்த அதே மண்ணில் விழுந்தான். அந்த ஒட்டுதல் அதற்குப் பிறகும் நூறு வருடம் நீடித்தது.

அது விலகத் தொடங்கிய இடங்களில் ஒன்று, அசர்பைஜானும் ஆர்மீனியாவும் மோதிக்கொண்ட நாகோர்னோ-கராபாக். 2020 செப்டம்பர் இறுதியில் தொடங்கி 44 நாள் நடந்த அந்தப் போரில், அசர்பைஜான் சோவியத் காலத்து ஏஎன்-2 விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டது. வயலுக்கு மருந்தடிக்கப் பயன்பட்ட பழைய இரட்டை இறக்கை விமானங்கள் அவை. ஆர்மீனியர்கள் அவற்றைச் சுட்டதும் எந்த ஏவுகணை எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரிந்துவிட்டது. மேலே காத்திருந்த துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களும், இஸ்ரேலின் ஹாரோப் என்ற தற்கொலை ட்ரோன்களும் மிச்ச வேலையைப் பார்த்தன. தூண்டில் புழுவாக ஒரு விமானத்தையே போட்டார்கள் என்றால் பாருங்கள்.

உக்ரைன்மீது 2022 பிப்ரவரியில் ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கியபோதும் பைரக்தார்தான் கதாநாயகன். அதைப் பற்றிப் பாட்டுகூடக் கட்டினார்கள். ஆனால் பெரிய ட்ரோன்களை வான்பாதுகாப்புப் படைகள் சுட்டு வீழ்த்தப் பழகிக்கொண்டன. களத்தை மாற்றியது கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுக்கும் வகைச் சிறு ட்ரோன். முதலில் வேவு பார்க்க, பிறகு அதில் கையெறி குண்டைக் கட்டிப் போட, கடைசியில் எஃப்.பி.வி., அதாவது ட்ரோனின் கண்ணாலேயே பார்த்து ஓட்டும் வகை. இந்த ட்ரோனை இயக்குபவர் கண்ணை மறைக்கும் கண்ணாடித் திரை ஒன்றை மாட்டிக்கொள்வார். ட்ரோனின் கேமரா பார்ப்பது அவர் கண்ணுக்கு நேராக வரும். இலக்கில் மோதும் நொடிவரை அவர் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பது மாதிரி. விலை சுமார் 400, 500 டாலர். நம் கணக்கில் ஒரு நல்ல செல்போன். 2024இல் மட்டும் பத்து லட்சம் தயாரிப்போம் என்று உக்ரைன் அறிவித்தபோது பலர் நம்பவில்லை. அதைத் தாண்டியே தயாரித்தார்கள்.

இந்தச் செல்போன் விலைச் சாமான் எதையெல்லாம் ஓட வைத்தது என்று பார்த்தால்தான் கணக்கு விளங்கும். அமெரிக்கா உக்ரைனுக்கு 31 ஆப்ராம்ஸ் டாங்கிகள் கொடுத்தது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கோடி டாலர். ட்ரோன்களுக்குப் பயந்து 2024 ஏப்ரலில் அவற்றை முன்னணியிலிருந்து பின்னுக்கு எடுத்தார்கள். அதே மாதங்களில் ரஷ்யர்கள் டாங்கிமேல் தகரக் கொட்டகையைப் போர்த்தி ஓட்டினார்கள். ஆமை டாங்கி என்று பெயர் வந்தது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், உள்ளே இருந்தவர்களுக்கு இல்லை.

ட்ரோனை நிறுத்த முதலில் கண்டுபிடித்த வழி ஜாமர். ட்ரோனுக்கும் இயக்குபவருக்கும் நடுவே ஓடும் ரேடியோ அலையைக் கலக்கிவிட்டால் திரை இருண்டு அது விழுந்துவிடும். வண்டிக்கு வண்டி ஜாமர் கட்டினார்கள். ட்ரோன்கள் அலைவரிசையை மாற்றின, ஜாமர்களும் மாற்றின. ஒரு ஆட்டம் மாதிரி சில மாதங்களுக்கு ஒருமுறை நடந்துகொண்டிருந்தது. பிறகு 2024இல் ரஷ்யர்கள் அலையே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு இன்டர்நெட் வருகிறதே, அதே வகை ஃபைபர் இழையை ஒரு உருளையில் சுற்றி ட்ரோனுக்கு அடியில் மாட்டினார்கள். பறக்கப் பறக்க இழை பின்னால் பிரிந்துகொண்டே போகும். பட்டம் விட்டவர்களுக்குப் புரியும், நூல் கையில் இருக்கும்வரை பட்டம் உன்னுடையது. கலக்குவதற்கு அலையே இல்லாததால் ஜாமர் வெறும் பெட்டியாகிவிட்டது. மலைகளுக்குப் பின்னாலும் பள்ளத்துக்குள்ளும் படம் தெளிவாக வரும். பத்துக் கிலோமீட்டர், பிறகு இருபது, அதற்கு மேலும் நீட்டிவிட்டார்கள். இன்று கிழக்கு உக்ரைனின் டோனெட்ஸ்க் பகுதியின் வயல்களிலும் மரங்களிலும் அறுந்த இழைகள் சிலந்திவலைபோலப் படர்ந்து கிடக்கின்றன. காலை வெயிலில் வயலே பளபளக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

உக்ரைன் 2024 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்து சுட்ஜா நகரைப் பிடித்தது. அந்தப் படைக்குச் சாப்பாடும் குண்டும் போக நல்ல சாலை ஒன்றுதான் இருந்தது. ரஷ்யாவின் ரூபிகோன் என்ற சிறப்பு ட்ரோன் பிரிவு ஃபைபர் ட்ரோன்களோடு அந்தச் சாலைமேல் உட்கார்ந்தது. முன்வரிசையில் சண்டையிடுபவனை விட்டுவிட்டு அவனுக்குத் தண்ணீர் கொண்டு போகும் வண்டியையும், எதிர்த்தரப்பு ட்ரோன் இயக்குபவரையும் தேடித் தேடி அடிப்பது அவர்கள் பாணி. 2025 மார்ச்சில் உக்ரைன் பின்வாங்கியபோது பலர் எரிந்த வண்டிகளைத் தாண்டி இரவில் நடந்துதான் வந்தார்கள். இப்போது முன்னணிக்குப் போகும் சாலைகளில் இருபுறமும் கம்பம் நட்டு மேலே வலை கட்டியிருக்கிறார்கள். பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் மீனவர்கள் கழித்துப் போட்ட பழைய வலைகள்கூட அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இப்படியாக இரு தரப்புக்கும் நடுவே ஒரு பட்டை உருவாகிவிட்டது. கில் ஜோன், அதாவது கொலைப் பட்டை என்கிறார்கள். 2023இல் ஓரிரண்டு கிலோமீட்டராக இருந்தது, 2025இல் பதினைந்து இருபது என்று விரிந்துவிட்டது. அதற்குள் பகலில் அசையும் எதையும் ஏதோ ஒரு கண் பார்த்துவிடும், பார்த்த சில நிமிடத்தில் மிக்ஸி ஓடுவது மாதிரி ஒரு சத்தம் வரும். படைவீரர் இழப்பில் பத்துக்கு ஏழு, எட்டு ட்ரோனால்தான் என்பது உக்ரைன் அதிகாரிகள் சொல்லும் கணக்கு.

சரி, இந்தப் பட்டைக்குள் காலாட்படை எப்படி இருக்கிறது? இருவர், மூவராக இருக்கிறது. முன்பு ஒரு பிளட்டூன், முப்பது பேர் சேர்ந்து பிடித்த இடத்தை இப்போது இரண்டு பேர் பிடிக்கிறார்கள். அடுத்த குழி சில நூறு மீட்டர் தள்ளி. நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தாலே ஒரு ட்ரோனுக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். மாற்று ஆள் வருவதும் பழைய ஆள் போவதும்தான் மிக ஆபத்தான நேரம் என்பதால், மாற்றுவதையே தள்ளிப்போடுகிறார்கள். வாரக்கணக்கு மாதக்கணக்கு ஆயிற்று. நூறு நாளுக்கு மேல் ஒரே குழியில் இருந்துவிட்டு வந்தவர்களைப் பற்றிய செய்திகள் 2025இல் அடிக்கடி வந்தன.

அவர்களுக்குத் தண்ணீர், ரொட்டி, மாத்திரை, வானொலி பேட்டரி எல்லாம் வானத்திலிருந்து விழும். ஆறு விசிறி கொண்ட பெரிய ட்ரோன்கள் இரவில் கொண்டுவந்து போடுகின்றன. அதே ட்ரோன் மறுநாள் இரவு எதிரி குழியில் குண்டு போடும். ரஷ்யச் சிப்பாய்கள் அதை பாபா யாகா என்கிறார்கள், அவர்கள் பாட்டிகள் சொல்லும் கதைகளில் வரும் சூனியக்காரி. ஆக, மேலே சத்தம் கேட்டால் குழிக்குள் இருப்பவனுக்கு அது சோறா சாவா என்று உடனே தெரியாது. இயந்திரத்தை எதிர்த்துப் போராடும் வீரன் இயந்திரத்தால்தான் உயிரோடு இருக்கிறான் என்ற இந்த முடிச்சைக் கற்பனைக் கதைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

தளபதிக்கு வருவோம். உக்ரைன் படையில் ஒரு வினோதம் உண்டு. கட்டாயமாக ஆள் எடுக்கும் வயது வெகுகாலம் 27ஆக இருந்தது, 2024 ஏப்ரலில்தான் 25 ஆனது. அதனால் குழிக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள்: லாரி ஓட்டியவர், வெல்டிங் கடை வைத்திருந்தவர். அவர்களுக்குக் கட்டளை இடுபவர்களில் பலர் அவர்களைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள், 2014இல் கிழக்கே டான்பாஸ் வட்டாரத்தில் சண்டை தொடங்கியபோது பள்ளி முடித்த கையோடு துப்பாக்கி எடுத்த தலைமுறை. அவர்களில் ஊரறிந்த பெயர் திமித்ரோ கோத்சியுபாய்லோ, களத்துப் பெயர் டா வின்சி. 18 வயதில் போருக்குப் போனவர், சில நூறு பேர் கொண்ட பட்டாலியன் என்ற படைப்பிரிவின் தளபதியாக உயர்ந்தவர், உக்ரைனின் நாயகன் என்ற உயரிய விருதைப் பெற்றவர். 2023 மார்ச் 7 அன்று பாக்முத் அருகே இறந்தபோது வயது 27. இறுதிச் சடங்குக்கு அதிபர் ஜெலன்ஸ்கியும், அப்போது கீவ் வந்திருந்த பின்லாந்துப் பிரதமர் சன்னா மரினும் வந்தார்கள். ஆட்களோடு கூடவே களத்தில் நின்ற தளபதி வகையின் கடைசிச் சிலரில் ஒருவராக அவரைப் பார்க்கத் தோன்றுகிறது. அதற்குப் பிந்தைய இரண்டு வருடங்களில் அந்த வகைத் தலைமைக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

கம்பெனி என்ற, சுமார் நூறு பேர் கொண்ட படைப்பிரிவின் இன்றைய கமாண்டர் ஒரு கிராமத்து வீட்டின் நிலவறையில் உட்கார்ந்திருக்கிறார். கூரையில் மறைத்து வைத்த ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைய ஆன்டெனா. சுவர் முழுக்கத் திரைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ட்ரோன் அனுப்பும் படம். குழிக்குள் இருக்கும் இருவருக்குத் தெரியாதது எல்லாம் அவருக்குத் தெரியும். வலது பக்கப் புதரில் மூன்று பேர் ஊர்ந்து வருகிறார்கள், இடது பக்கம் ட்ரோன் ஒன்று இறங்குகிறது, இப்போது தலையைத் தூக்காதே, இப்போது ஓடு. வானொலியில் இந்தக் குரல் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அங்கே குண்டு விழும்போது அவர் நாற்காலி அசையாது. தன் ஆள் காயம்பட்டு ரத்தம் போவதைத் தெளிவான வண்ணப்படத்தில் மணிக்கணக்கில் பார்ப்பார், போய்த் தூக்க முடியாது. காயம்பட்டவனே தன் தொடையில் ரத்தத்தை நிறுத்தும் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாகவே இருந்தால் கால் கெடத் தொடங்கும். ஆள் வருவதற்கோ ஒரு நாள் ஆகலாம், பல நாளும் ஆகலாம். எப்போது பட்டையைத் தளர்த்துவது என்று மருத்துவர் வானொலியில் சொல்லிக் கொடுக்கிறார். இந்தப் போரில் கால் போனவர்களில் எத்தனையோ பேருக்குக் காரணம் காயம் அல்ல, காத்திருந்த நேரம்.

சொம் நதிக்கரையில் விசில் ஊதிய பையனுக்கு இந்தப் பாரம் இல்லை. அவன் எதையும் முழுதாகப் பார்க்கவில்லை. இவர் எல்லாவற்றையும் பார்க்கிறார். எது கொடியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே திரை சில நேரம் வேறு மாதிரியும் வேலை செய்கிறது. 2023 மே மாதம் பாக்முத் அருகே, ஒரு ரஷ்யச் சிப்பாய் பதுங்குகுழியில் தனியாக மாட்டிக்கொண்டார். உக்ரைனின் 92ஆவது படைப்பிரிவின் ட்ரோன் மேலே நின்றது. தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் அவர் கேமராவைப் பார்த்துக் கைகளைக் கூப்பி, சைகையில் கெஞ்சத் தொடங்கினார். திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவரை விட்டுவிட முடிவு செய்தார்கள். சரணடைய வேண்டுமானால் ட்ரோனைப் பின்தொடர் என்று ஒரு சீட்டு மேலிருந்து விழுந்தது. தன் தரப்பே சுட்டுக்கொண்டிருக்க, அவர் ட்ரோனின் பின்னால் நடந்து உக்ரைன் பக்கம் வந்து சேர்ந்தார். கொல்ல வந்த இயந்திரம் வழிகாட்டியது என்று எழுதினார்கள் செய்தியாளர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயந்திரத்துக்குப் பின்னால் அன்றைக்கு முகம் பார்க்கிற மனிதர் ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த சைக்கிள் கதை. 2025 ஜூலையில் ரூபிஜ் என்ற உக்ரைன் படைப்பிரிவு வெளியிட்டது. டோனெட்ஸ்க் பகுதியின் சீவெர்ஸ்க் அருகே ஒரு காவல்நிலையில் கூட இருந்தவர்கள் எல்லாம் இறந்துவிட, காயத்தோடு ஒரே ஒருவர் சூழப்பட்டு நின்றார். வண்டி போக முடியாது, காயத்தோடு அவ்வளவு தூரம் நடந்து வருவதும் கஷ்டம். யோசித்துப் பார்த்து, நாற்பது கிலோ எடையுள்ள மின்சார சைக்கிள் ஒன்றைக் கனரக ட்ரோனில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். முதல் ட்ரோனைச் சுட்டுவிட்டார்கள். மறுபடி முயன்றார்கள். கடைசியில் சைக்கிள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அவரும் வெளியே வந்துவிட்டார். இந்த மாதிரி யோசனை எந்தப் போர்க் கல்லூரிப் பாடத்திலும் இல்லை. இளம் அதிகாரிகளுக்கு இன்று வேண்டிய திறமை வீரமா, இல்லை சரக்கு மாஸ்டருக்கு இருக்கும் சாமர்த்தியமா என்று கேட்டால் இரண்டாவதற்குத்தான் என் ஓட்டு.

தரையிலும் இயந்திரங்கள் ஊரத் தொடங்கிவிட்டன. சின்னச் சக்கர வண்டிகள், மனிதர் இல்லாமல் குண்டும் தண்ணீரும் கொண்டு போகும், திரும்பும்போது காயம்பட்டவரைப் படுக்கவைத்து இழுத்து வரும். 2024 டிசம்பரில் கார்கிவ் பகுதியின் லிப்த்சி அருகே உக்ரைனின் கார்த்தியா படைப்பிரிவு, ஒரு வீரரைக்கூட முன்னால் அனுப்பாமல், தரை வண்டிகளையும் ட்ரோன்களையும் மட்டும் வைத்து ரஷ்ய நிலைகளைத் தாக்கியதாக அறிவித்தது. அதைக் கேட்டு இனி சிப்பாய் தேவையில்லை என்று கிளம்பியவர்கள் உண்டு. ஆனால் பிடித்த இடத்தில் யாராவது உட்கார வேண்டும். சகதியில் புதைந்த வண்டியை இழுக்க, அறுந்த ஆன்டெனாவை மாட்ட, இரவு மூன்று மணிக்குப் புதரில் அசைவது நாயா மனிதனா என்று பார்க்க இன்னும் ஆள்தான் வேண்டியிருக்கிறது.

முழுக்கத் தானே முடிவெடுத்துக் கொல்லும் இயந்திரம் வந்துவிட்டதா என்பது பலரின் கேள்வி. லிபியாவில் 2020இல் துருக்கியின் கர்கு-2 ட்ரோன் பின்வாங்கும் படையைத் துரத்தியதாக ஐ.நா. நிபுணர் குழு 2021இல் குறிப்பிட்டது. மனிதர் சொல்லாமலே அது சுட்டதா என்பதை அந்த அறிக்கை தீர்த்துச் சொல்லவில்லை. உக்ரைனில் இப்போது பரவுவது பாதித் தானியங்கி: இயக்குபவர் இலக்கைத் தேர்ந்தெடுப்பார், கடைசிச் சில நூறு மீட்டரில் ஜாமர் தொடர்பை அறுத்தாலும் ட்ரோனின் சிப் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு போய் மோதும். அந்தச் சில நூறு மீட்டர் மெல்ல நீளும் என்பதுதான் கவலை. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இதைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. 152 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை நான்கே. அந்த நான்கில் இந்தியாவும் ஒன்று. நம் ஊரில் இது பேசப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

இயந்திரத்தைக் குறைசொல்லி மனிதனைத் தப்பவிடவும் கூடாது. தெற்கே கெர்சோன் நகரில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர், சைக்கிளில் போகும் முதியவர், ஆம்புலன்ஸ் என்று சாதாரண மக்களை ரஷ்ய ட்ரோன்கள் துரத்திக் குண்டு போட்டன. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'மனித வேட்டை'. 2025 மே மாதம் ஐ.நா. விசாரணை ஆணையம் அதை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்றது. அங்கே எந்தச் சிப்பும் முடிவெடுக்கவில்லை. கண்ணாடித் திரையை மாட்டிய ஒருவர், கீழே போகிறவரின் கைப்பையைக்கூடப் பார்க்கும் தெளிவோடு, முடிவெடுத்தார். உக்ரைன் தரப்பிலும் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு: வீடியோ ஆதாரத்தோடு எதிரியை வீழ்த்தினால் பிரிவுக்குப் புள்ளிகள், புள்ளிகளைக் கொடுத்து அரசின் இணையச் சந்தையில் புது ட்ரோன் வாங்கலாம். ட்ரோன் தட்டுப்பாட்டில் யாருக்கு முதலில் கொடுப்பது என்பதற்கு அது சரியான ஏற்பாடுதான், நடைமுறையில் பலன் தருகிறது. ஆனாலும் உயிருக்குப் புள்ளி என்பதை எழுதும்போது கை தயங்குகிறது.

குழிக்குள் இருந்த இருவரை மாற்றும் நாளுக்காகத் தளபதிகள் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பனிமூட்டம், விடாத மழை, பலத்த காற்று: இவை மூன்றும்தான் ட்ரோன்களுக்கு ஆகாதவை. அப்படி ஒரு இரவு வந்தால் வானொலியில் கிளம்பு என்ற சொல் வரும். மாதக்கணக்கில் நிமிர்ந்து நிற்காத கால்களோடு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். உடல் சூடு தெரியாமல் மறைக்கும் கனத்த போர்வையை மேலே போட்டுக்கொண்டு, அறுந்த ஃபைபர் இழைகள் பூட்ஸில் சிக்கச் சிக்க நடக்கிறார்கள். நிலவறைத் திரையில் அன்று ஒன்றும் தெரியாது, வெறும் சாம்பல் நிறம். அந்த ஒரு இரவு மட்டும் தளபதிக்கும் ஒன்றும் தெரியாது. குரல் வரும்வரை உட்கார்ந்திருப்பார்.